விட்ட இடத்தை மறவாத செயலி வேண்டும்

பகல்நேரக் கீமோதெரபிக் கூடத்துக்கு வெளியே உள்ள நாற்காலிகளில் காலை எட்டு மணிக்கே இடம் பிடித்து அமர்வோர் உண்டு. பொள்ளாச்சியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் முதல் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் அவர்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும். மருத்துவர் அதைப் பார்க்க வேண்டும். மருந்து கலந்து வர வேண்டும். பின்னர் அது சொட்டுச் சொட்டாக இறங்கி முடிய வேண்டும். அதுவரை உடன் வந்தவருக்குச் செய்வதற்கு வேலையும் இல்லை, எழுந்து போவதற்கு வழியும் இல்லை. கையில் இருப்பது அலைபேசி ஒன்றுதான். அதைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிவதே மிச்சம்.

அண்மைக் காலமாக அந்த வரிசையில் கொக்கி ஊசியும் நூற்கண்டுமாக அமர்ந்திருப்போரையும் நாங்கள் காண்கிறோம். குரோஷே எனப்படும் கொக்கிப் பின்னல் அவர்கள் கைகளில் வளர்கிறது. முடி உதிர்ந்த தலைக்கு ஒரு தொப்பி, பேத்திக்கு ஒரு பூ, மேசைக்கு ஒரு விரிப்பு என்று ஆளுக்கொன்று. ஒரு நாள் அவர்களில் மூத்த அம்மையார் ஒருவர், உள்ளே பெயர் அழைக்கப்பட்டதும் பின்னலைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்து ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து பின்னலை மடியில் விரித்தவர் சற்று நேரம் அதையே பார்த்திருந்தார். "எத்தனையில உட்டேன்னே தெரியலைங்க கண்ணு. மறுக்கா முதல்லயிருந்துதான் எண்ணோணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆயினும் அந்தச் சொற்கள் எங்கள் நினைவில் தங்கிவிட்டன.

இதை எழுதத் தூண்டியது இன்னொரு நிகழ்ச்சி. பொழுதுபோக்காகக் குரோஷே பின்னுவோருக்கென அலைபேசிச் செயலி ஒன்றை வடிவமைக்க முனைந்திருக்கும் மாணவர் சிலர், நோயாளிகளுக்கும் அது பயன்படுமா என்று எங்கள் இதழ்க் குழுவிடம் கருத்துக் கேட்டனர். அவர்கள் காட்டிய முதல் வரைவு அழகாக இருந்தது. நாள்தோறும் எட்ட வேண்டிய இலக்கு, இடைவிடாமல் பின்னிய நாள்களின் கணக்கு, யார் முந்தி யார் பிந்தி என்று காட்டும் பட்டியல், பதக்கங்கள், வாழ்த்து ஒலிகள் எல்லாம் அதில் இருந்தன. எத்தனையாவது கண்ணியில் விட்டோம் என்பதைக் காட்டும் இடம் மட்டும் மூன்றாம் திரையின் ஒரு மூலையில் சிற்றெழுத்தில் இருந்தது. நல்லெண்ணத்தோடு வந்த அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொன்ன கருத்தை நம் வாசகர்களோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எந்நேரமும் இடையில் அழைக்கப்படக் கூடியவரை மனத்தில் வைத்து இச்செயலி வடிவமைக்கப்பட வேண்டும் என்பதே அக்கருத்து. அவருக்கு ஏற்றதாக அமைந்தால் மற்ற அனைவருக்கும் அது ஏற்றதாகவே அமையும்.

காத்திருப்போருக்கு ஏற்ற கலை

நூல் நம் மண்ணுக்குப் புதிதன்று. கோவையில் 1888ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய நாள் முதல் இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு நூலால்தான் எரிந்திருக்கிறது. அருகிலுள்ள திருப்பூரில் பனியன் துணியை இயந்திரங்கள் இரவு பகலாகப் பின்னித் தள்ளுகின்றன. ஆனால் குரோஷே இன்றும் மனிதக் கையின் வேலையாகவே இருந்து வருகிறது. அதன் தோற்றத்தைப் போலச் செய்யும் இயந்திரங்கள் உண்டே தவிர, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் கொக்கியை நுழைத்து நூலை இழுக்கும் அந்த வேலையைக் கையைப் போலச் செய்யும் இயந்திரம் தொழிற்சாலைப் புழக்கத்துக்கு வரவில்லை.

காத்திருப்போருக்கு இக்கலை பொருந்துவதற்குக் காரணம் உண்டு. இரண்டு ஊசிகளால் பின்னும் கம்பளிப் பின்னலில் ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே திறந்து நிற்கும். ஊசி நழுவினால் பல கண்ணிகள் ஒருசேர அவிழக்கூடும். குரோஷேயில் பெரும்பாலும் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைச் சற்று நீளமாக இழுத்து விட்டோ ஓர் ஊக்கு மாட்டியோ வைத்துவிட்டு எழுந்து போகலாம். செவிலியர் கூப்பிட்டதும் உடனே எழ வேண்டியவருக்கு இது பெரிய வசதி. கை வேலையை நிறுத்துவது எளிது. கணக்கைத்தான் நினைவில் வைத்திருக்க முடிவதில்லை.

மனத்துக்கு இதனால் நன்மை உண்டா என்று கேட்போர் உண்டு. ஆஸ்திரேலியாவின் வுல்லங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில் 87 நாடுகளைச் சேர்ந்த 8,391 குரோஷே பின்னுவோர் பங்கேற்றனர். பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர், பின்னும்போது மனம் அமைதி அடைவதாகக் கூறினர். ஆனால் விடையளித்தவர்கள் ஏற்கெனவே இக்கலையில் ஈடுபாடு கொண்டவர்கள், தாமே முன்வந்து சொன்னவர்கள். ஆகவே இதை ஒரு சிகிச்சையின் பலனாகக் கொள்ளுதல் தகாது. குரோஷே எந்த நோயையும் குணப்படுத்தாது. செயலியின் விளம்பரத்திலும் அப்படியொரு சொல் இடம்பெறக் கூடாது என்று மாணவர்களிடம் வலியுறுத்தினோம். காத்திருக்கும் நேரத்தில் கைக்கு ஒரு வேலையும், மாலையில் வீடு திரும்பும்போது காட்டுவதற்கு நான்கு விரற்கடைப் பின்னலும் கிடைத்தால் அதுவே போதுமானது.

முதல் திரையில் ஓர் எண்

அப்படியானால் செயலி செய்ய வேண்டிய முதல் வேலை என்ன? திறந்தவுடன் விட்ட இடத்தைக் காட்ட வேண்டும். "12ஆம் வரிசை, 7ஆம் கண்ணி" என்று திரை நிறையத் தெரிய வேண்டும். அதற்கு முன் வரவேற்பு, விளம்பரம், கடவுச்சொல் எதுவும் குறுக்கே வரலாகாது. இணையம் இல்லாவிட்டாலும் இயங்க வேண்டும். கதிரியக்கச் சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்களில் சுவர்கள் தடிமனானவை. அங்கே அலைபேசிக்குச் சமிக்ஞை கிடைப்பது அரிது. மின்கலம் தீர்ந்து அலைபேசி அணைந்தாலும் கடைசியாகத் தட்டிய எண் அழியாமல் இருக்க வேண்டும். தவறித் தட்டினால் ஒரே தட்டில் பின்னோக்கிப் போக வேண்டும்.

சிகிச்சைக் காலத்தில் கவனமும் நினைவாற்றலும் சற்று மங்குவதாகப் பலர் எங்களிடம் சொல்வதுண்டு. கீமோதெரபி பெறுவோரிடம் இது அறியப்பட்ட ஒன்றே. கண்ணிக் கணக்கை மறந்துபோவதைத் தம் அறிவு குறைந்துவிட்டதற்கு அடையாளமாக எண்ணி மனம் நொந்துகொள்வோரும் உளர். கணக்கைக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டால் அந்தக் குறுகுறுப்பில்லாமல் கை தன் வேலையைத் தொடரும்.

மரத்த விரலும் மங்கிய கண்ணும்

பாக்லிடாக்செல், வின்கிரிஸ்டின், ஆக்சாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனிகளில் மரத்துப்போதலையும் ஊசி குத்துவது போன்ற உணர்வையும் உண்டாக்கலாம். நெடுநாள் நீரிழிவுள்ளோருக்கும் நரம்புகளில் இத்தகைய பாதிப்பு வருவதுண்டு. மரத்த விரலால் சிறிய பொத்தானைத் தொட்டால் பக்கத்துப் பொத்தான் அழுந்தும். ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி, தொடும் பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விரலுக்கான குறைந்தபட்ச அளவு அது. எங்கள் வாசகர்களுக்கு அதைப் போல் இருமடங்கு வேண்டும் என்றோம். அதைவிட எளிய வழி, அலைபேசியின் பக்கவாட்டில் இருக்கும் ஒலி கூட்டும் பொத்தானையே எண்ணும் பொத்தானாக ஆக்கிவிடுவது. திரையைப் பார்க்காமலே அழுத்தலாம்.

ஆக்சாலிபிளாட்டின் பெறுவோர்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. மருந்து ஏறிய பின் சில நாள்களுக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே விரல்களில் சுரீர் என்று பாயும். குளிரூட்டப்பட்ட அறையில் அலுமினியக் கொக்கி குளிர்ந்திருக்கும். அந்நாள்களில் மரக்கொக்கியோ பிளாஸ்டிக் கொக்கியோ நல்லது. இத்தகைய குறிப்பைச் செயலி தந்தால் அது உண்மையான உதவி.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரேவல்ரி என்பது 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டு, உலகெங்கும் பின்னுவோர் பெரிதும் பயன்படுத்தும் இணையத்தளம். 2020 ஜூன் மாதத்தில் அதன் தோற்றத்தை முழுவதுமாக மாற்றினர். புதிய தோற்றத்தைப் பார்த்ததும் தலைவலி, ஒற்றைத் தலைவலி, ஏன் வலிப்பும் வந்ததாகப் பயனர் பலர் முறையிட்டனர். பழைய தோற்றத்துக்குத் திரும்பும் வழியைத் தளம் திறந்து வைக்க நேர்ந்தது. கோடும் நிறமும் நிழலும் வடிவமைப்பாளருக்கு வேண்டுமானால் ரசனையின் பாற்பட்டவையாக இருக்கலாம். பார்ப்பவரின் உடலுக்கு அவை வலியாகவும் மாறக்கூடும். ஆகவே அசையும் படங்களும் மின்னும் வண்ணங்களும் இச்செயலியில் வேண்டா. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கென அளவெடுத்த கட்டங்களில் தமிழ்ச் சொற்கள் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதைப் பல செயலிகளில் நாம் அனைவரும் பார்த்துச் சலித்திருக்கிறோம்.

பெயரில் ஒரு குழப்பம்

புதிதாகக் கற்பவரைத் திகைக்க வைக்கும் செய்தி ஒன்றுண்டு. அமெரிக்கர் 'சிங்கிள் குரோஷே' என்று சொல்லும் பின்னலைப் பிரிட்டானியர் 'டபுள் குரோஷே' என்பர். அமெரிக்கரின் 'டபுள்' என்பது பிரிட்டானியருக்கு 'டிரெபிள்'. பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் அமெரிக்கக் காணொளி ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னினால் தொப்பி தலைக்குப் பொருந்தாமல் போகும். பின்னியவரோ பிழை தம்முடையது என்றே எண்ணுவார்.

ஒரே பெயர் இரு பொருள் தரக் கூடாது என்பதை மருந்துச் சீட்டைக் கையாளும் எவரும் அறிவர். செயலியிலும் அவ்வாறே, எந்த முறைப்படி எழுதப்பட்டது என்று ஒவ்வொரு வடிவத்தின் தலைப்பிலும் குறிக்க வேண்டும். அதனினும் நல்லது தமிழிலேயே பெயர் வைப்பது. சங்கிலி, குட்டைக் கண்ணி, அரைநெட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி என்று சொன்னால் பார்த்தவுடன் உருவம் மனத்தில் விழும். இப்பெயர்களே சரியானவை என்று நாங்கள் வாதிடவில்லை. கற்றுத் தரும் பெண்கள் தம் வாய்ப்பழக்கத்தில் என்ன சொல்கிறார்களோ அதைக் கேட்டெழுதுவதே முறை. ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் குறியீட்டுப் படம் இருக்கட்டும். ஜப்பானியப் பின்னல் நூல்களில் சங்கிலிக்கு ஒரு நீள்வட்டம், நெட்டைக் கண்ணிக்குக் குறுக்குக் கோடிட்ட தண்டு என்று குறியீடுகளாலேயே முழு வடிவமும் வரையப்பட்டிருக்கும். மொழி அறியாதாரும் அதைப் பார்த்துப் பின்னிவிடுகின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிக்கும் அது உதவும். "அடுத்து மூன்று சங்கிலி" என்று தமிழ்க் குரல் ஒன்று நிதானமாகச் சொல்லுமானால் இன்னும் நன்று.

பந்தயமும் வேண்டா, உளவும் வேண்டா

தொடர்ச்சிக் கணக்கும் பதக்கமும் ஏன் கூடாது என்று மாணவர்கள் கேட்டனர். அவை மற்றவர்களை ஊக்குவிக்கின்றனவே என்றனர். நியாயமான கேள்விதான். ஆனால் வெள்ளை அணுக்கள் குறைந்து பத்து நாள் படுக்கையில் கிடந்து எழுந்தவரின் அலைபேசி, "உங்கள் தொடர்ச்சி அறுந்துவிட்டது" என்று அறிவிப்பதை எண்ணிப் பாருங்கள். உடல் செய்ததற்கு அவரைக் குற்றவாளியாக்குவதாக அது அமையும். "உங்கள் சால்வை காத்திருக்கிறது" என்ற நினைவூட்டல், அதைப் பின்னியவர் இல்லாத வீட்டில் ஒலிப்பதையும் எண்ணிப் பாருங்கள். கேட்டால் மட்டுமே பேசுவது, மற்ற நேரங்களில் மௌனமாக இருப்பது என்பதே இச்செயலிக்கு விதியாக வேண்டும்.

அத்தகைய வீடுகளை நினைத்தே இன்னொன்றையும் கேட்டோம். பாதியில் நின்ற பின்னலை இன்னொருவர் கையேற்கும் வசதி வேண்டும். நூல் எது, கொக்கி எத்தனை மில்லிமீட்டர், எந்த வரிசையில் நின்றது, இன்னும் எத்தனை வரிசை உள்ளன என்பதெல்லாம் ஒரே தாளில் அச்சாகும்படி இருந்தால் போதும். மகள் தொடரலாம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் தொடரலாம். ஒருவர் கை இறுக்கம், இன்னொருவர் கை தளர்வு. ஆகவே கை மாறிய இடம் பின்னலில் தெரியும். தெரியட்டும். அதைக் குறையென்று நாங்கள் கருதவில்லை.

அடுத்தது அந்தரங்கம். ஒருவர் முடி உதிர்ந்தோருக்கான தொப்பி வடிவத்தைத் தேடுகிறார் என்பதிலிருந்தே அவருடைய வீட்டில் என்ன நோய் என்பதைச் செயலி ஊகித்துவிடும். அந்த ஊகம் விளம்பரதாரர் கைக்குப் போனால், 'அற்புத மருந்து' விற்போர் அவர் அலைபேசிக்கே வந்து சேர்வர். நோயால் கலங்கியிருக்கும் குடும்பத்துக்கு அதைவிடக் கேடு வேறில்லை. தனிநபர் தரவைப் பொதுவாக ஒப்புதலின்றிப் பயன்படுத்தலாகாது என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. நாங்கள் அதற்கும் ஒரு படி மேலே கேட்கிறோம். கண்ணியை எண்ணுவதற்குப் பெயரும் தேவையில்லை, தொலைபேசி எண்ணும் தேவையில்லை. தேவையற்றதைக் கேட்காமலே விட்டுவிடுவதுதான் உறுதியான பாதுகாப்பு.

செயலியே தேவையா?

எங்கள் குழுவிலேயே ஒருவர், இதற்கெல்லாம் செயலி எதற்கு என்று கேட்டார். நம் ஊரில் ஒயர் கூடை பின்னக் கற்ற பெண்கள் எந்தச் செயலியைப் பார்த்தனர்? திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கையைப் பார்த்துக் கற்றனர். எண்ணிக்கைக்குப் புளியங்கொட்டை போதுமே என்றார்.

அவர் சொன்னதில் பெரும்பகுதி உண்மை. பக்கத்தில் சொல்லித் தர ஆள் இருக்கும்போது அலைபேசியை ஓரமாக வைத்துவிடுவதே நல்லது. ஆனால் மருத்துவமனையில் அந்த ஆள் எப்போதும் கிடைப்பதில்லை. மேலும் அலைபேசி மனிதரைப் பிரிக்க மட்டுமே வந்தது என்று சொல்லவும் முடியாது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வை விரிக்கப்பட்டு கின்னஸ் சாதனையானது. அதைச் செய்த 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' குழுவினர் முகநூல் வழியே ஒருவரையொருவர் கண்டுகொண்டவர்கள். வெவ்வேறு ஊர்களில் தத்தம் வீட்டில் இருந்தபடி பின்னிய துண்டுகளே ஒன்றாக இணைந்தன. திரையில் தொடங்கிய பழக்கம் ஒரே தரையில் அனைவரையும் கொண்டுவந்து நிறுத்தியது. நம் செயலியும் அவ்வாறு, "இன்று இக்கூடத்தில் கற்றுத் தர ஒருவர் இருக்கிறார்" என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுமானால், புளியங்கொட்டை கேட்ட நண்பருக்கும் மறுப்பு இராது.

பின்னத் தொடங்குமுன்

இதைப் படித்துவிட்டு நூல் வாங்கப் புறப்படுவோருக்குச் சில சொற்கள். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் துவைத்துக் காயவைத்த புதிய நூலையே பயன்படுத்துங்கள். தொடங்குமுன் கைகளைக் கழுவுங்கள். டயாலிசிஸ் நேரத்தில் ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்கக் கூடாது. ஆகவே அப்போது பின்னுவது உடன் வந்தவரின் வேலையாக இருக்கட்டும். மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், கை வீக்கம் பற்றி இயன்முறை மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்குதல் நலம். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகக் கொக்கியைக் கொண்டு செல்லலாகாது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை நீட்டி மடக்குங்கள். முதன்முதலாகக் கற்போருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர் கொக்கியும் வெளிர் நிறத் தடித்த நூலும் ஏற்றவை. கருநிற நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

மாணவர்கள் தம் வரைவைத் திருத்தப் போயிருக்கின்றனர். மீண்டும் வரும்போது எங்களிடம் காட்ட வேண்டா, நேரே அந்த நாற்காலிகளுக்குப் போய் அரைநாள் உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவர்கள் வந்து அமர்ந்தால், அன்புள்ள வாசகர்களே, தயங்காமல் பேசுங்கள். எது படிக்க முடியவில்லை, எந்தப் பொத்தான் விரலுக்கு எட்டவில்லை, எந்தச் சொல் புரியவில்லை என்று சொல்லுங்கள். வடிவமைப்பில் தேர்ந்தவர்கள் அவர்கள். காத்திருப்பதில் தேர்ந்தவர்கள் நீங்கள். அந்த அம்மையார் அடுத்த முறை பெயர் அழைக்கப்பட்டு உள்ளே போய்த் திரும்பி வரும்போது, பின்னலை விரித்தவுடன் எட்டாவது கண்ணியிலிருந்து தொடர வேண்டும். அதற்கு உதவாத செயலி வேறு எதைச் செய்தாலும் எங்களுக்குப் பயனில்லை.